எண்பதில் ஒலிக்கும் மணி

ஆத்தூர் சுங்கச்சாவடியைத் தாண்டித் திண்டிவனத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் சித்தப்பா, இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கொல்லையில் போட்டிருந்த உளுந்தைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது டாஷ்போர்டிலிருந்து 'டிங்' என்று மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது.

"எதுக்குத் தம்பி இது கத்திக்கிட்டே இருக்கு?"

"எண்பதைத் தாண்டிட்டேன் சித்தப்பா, அதான்."

"மிதிச்சியா?"

மிதித்ததாக எனக்கு நினைவே இல்லை. கால் இருந்த இடத்திலேயே இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். முள்ளோ 93-இல் நின்றது.

நெடுஞ்சாலையில் கார் ஓட்டிய எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கும். கூட்ட வேண்டும் என்று நினைக்காமலேயே வேகம் கூடிவிடுகிறது. அதே சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பி 50-க்கு இறங்கினால் வண்டி ஊர்வதுபோல் இருக்கிறது. கால் நம் சொல்லை ஏன் கேட்பதில்லை? அதைக் கேட்க வைப்பதற்காகக் காரில் வைத்திருக்கும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன? அவை நமக்கு நல்லது மட்டும்தான் செய்கின்றனவா?

கண் பழகிவிடுகிறது

முதலில் குற்றாலத்துக்குப் போவோம். அருவிக்கு எதிரே நின்று, விழும் நீரின் ஒரே இடத்தை ஒரு நிமிடம் கண்ணை நகர்த்தாமல் பாருங்கள். பிறகு பார்வையைப் பக்கத்துப் பாறைக்குத் திருப்புங்கள். பாறை மெல்ல மேலே ஏறுவதுபோல் தெரியும். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு எழுதினார். இன்றும் இதற்கு அருவி மாயை என்றுதான் பெயர்.

கீழ்நோக்கிய அசைவை உணரும் நரம்பணுக்கள் மூளையில் உண்டு. ஒரே சேதி திரும்பத் திரும்ப வந்தால் அவை மந்தமாகிவிடும். மேல்நோக்கிய அசைவுக்கான அணுக்கள் சோர்வில்லாமல் இருக்கும். அசையாத பாறையைப் பார்க்கும்போது இவற்றின் கை ஓங்கிவிடுகிறது. மூளை இரண்டையும் ஒப்பிட்டு, பாறை மேலே போகிறது என்று தவறாக முடிவு கட்டுகிறது.

காரிலும் இதே பழக்கம்தான் வேலை செய்கிறது. புளியமரமும் மைல்கல்லும் கண்ணின் ஓரத்தில் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கின்றன. முதல் பத்து நிமிடம் 80 என்பது 80-ஆகவே தோன்றும். அரை மணி நேரம் போன பிறகு, அதே ஓட்டம் மூளைக்குச் சாதாரணமாகிவிடும். வேகம் குறைந்துவிட்டது என்ற உணர்வு வர, கால் நம்மைக் கேட்காமலேயே ஈடுகட்டப் பார்க்கும். இதை வேகப் பழக்கம் என்று சொல்லலாம். முன்பெல்லாம் காது துணைக்கு இருந்தது. சித்தப்பா ஓட்டிய பஸ்ஸில் என்ஜின் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரைந்துகொண்டிருக்கும். வேகம் ஏறினால் சத்தமே சொல்லிவிடும். இன்றைய காரின் அமைதி அந்தத் துணையையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

பதின்மூன்று கிலோமீட்டர் கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். சாலை காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, ஓட்டுநருக்குச் சுதாரிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு குறுக்கே வருகிறது. 80-இல் வரும் கார் ஏறத்தாழ 57 மீட்டரில் நின்றுவிடும். 93-இல் வரும் கார், அதே 57-வது மீட்டரைக் கடக்கும்போது இன்னும் 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று நின்றுவிட்ட இடத்தில் மற்றது மோதுகிறது. கால் செய்த சிறு பிழைக்கு இவ்வளவு விலை.

ராட்டினமும் கவர்னரும்

"எங்க பஸ்ஸுல மணியெல்லாம் கிடையாது. கவர்னர் வச்சு சீல் போட்டுருப்பாங்க. அதுக்கு மேல எவ்வளவு மிதிச்சாலும் போகாது" என்றார் சித்தப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார்: "ஆனா இறக்கத்துல கவர்னர் பேச்சு எடுபடாது தம்பி. அங்க கியர்தான்."

அவர் சொன்ன இரண்டாவது சேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு மேம்பாலத்தில் இறங்கும்போது அது வேண்டியிருக்கும்.

கவர்னர் என்பது வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவி. திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். வேகம் ஏற ஏறச் சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் வெளியே விரிந்து மேலே எழும். வேகம் தணிந்தால் கீழே இறங்கும். அந்த இருக்கைகளின் உயரத்தைப் பார்த்தே ராட்டினத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம். காற்றாலைகளில் ஏற்கெனவே இருந்த இந்த உபாயத்தை 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் பொருத்தினார். இருக்கைகளுக்குப் பதில் இரண்டு இரும்புக் குண்டுகள். எந்திரம் வேகமாகச் சுழன்றால் குண்டுகள் எழும், அவற்றோடு இணைத்த கம்பி நீராவிக் குழாயின் கதவைக் கொஞ்சம் மூடும். எந்திரம் தணிந்தால் குண்டுகள் இறங்கும், கதவு திறக்கும். பழைய டீசல் பம்புகளுக்குள் இருந்த கவர்னரும் இதே வம்சம்தான். நீராவிக் கதவுக்குப் பதில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்தது.

விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். விறகடுப்பில் பால் காய்ச்சும் பெண் தன் கண்ணாலும் கையாலும் இதைத்தான் செய்கிறாள். பால் பொங்கி வந்தால் விறகை வெளியே இழுக்கிறாள், அடங்கினால் உள்ளே தள்ளுகிறாள். கண்ணைப் பானையிலிருந்து எடுத்தால் கதை முடிந்தது.

பார்வையில்லாதவர் கண்டுபிடித்தது

காருக்கு இந்தக் கருவியைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் டீட்டர். 1890-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஐந்து வயதில் கத்தி பட்ட விபத்தில் பார்வையை இழந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். பிஸ்டன் வளையங்கள் செய்த ஒரு நிறுவனத்தின் தலைவரானார். 1936-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவரானார்.

அவருடைய வழக்கறிஞர் ஓட்டிய காரில் போகும்போதுதான் இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். அந்த வழக்கறிஞர் தான் பேசும்போது வேகத்தைக் குறைப்பார். டீட்டர் பேச, கேட்டுக்கொண்டு வரும்போது கூட்டுவார். கார் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் போகும். பார்வையுள்ளவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். டீட்டரின் முதுகுக்கும் கழுத்துக்கும் ஒவ்வொரு இழுப்பும் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரப்பரையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்த அமெரிக்கா முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ., என்று வேக வரம்பு வைத்தார்கள். ஒரே வேகத்தில் போக உதவும் கருவிக்குத் தேவையும் வந்தது.

1950-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஸ்பீடோஸ்டாட் என்று பெயரிட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சேதி இனிமேல்தான் வருகிறது. அவர் முதலில் செய்த கருவி காரைத் தானாக ஓட்டவில்லை. ஓட்டுநர் ஒரு வேகத்தைக் குறித்து வைப்பார். அந்த வேகத்தை எட்டியதும் ஆக்சிலேட்டர் மிதி, காலைக் கீழிருந்து மேலே தள்ளும். அவ்வளவுதான். காலை எடுத்துவிட்டாலும் அதே வேகத்தில் போகும் பூட்டு பிறகுதான் சேர்ந்தது. பிரேக்கைத் தொட்டால் அந்தப் பூட்டு விடுபடும். 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் உயர்விலைக் கார்களில் இதை விற்கத் தொடங்கியது. குரூஸ் கண்ட்ரோல் என்ற பெயர் காடிலாக் வைத்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிக்கனம் கருதியும் மக்கள் இதை நாடினார்கள்.

ஆக, ஒரே கருவியின் வயிற்றில் இரண்டு பிள்ளைகள். மூத்தது, குறித்த வேகத்துக்கு மேல் போகவிடாமல் தடுப்பது. அதை வேக வரம்பி என்போம். இளையது, குறித்த வேகத்திலேயே பிடித்து வைப்பது. அதற்குக் குரூஸ் என்ற பெயர் நம் ஊரிலும் பழகிவிட்டது.

ஒரு மேம்பாலம்

இப்போது குரூஸை 80-இல் வைத்துவிட்டு, உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஒரு மேம்பாலத்தில் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நடப்பது உங்கள் காரிலும் இதுதான்.

சக்கரத்தோடு ஒரு பல்வளையம் சுழல்கிறது. பக்கத்தில் இருக்கும் உணரி, கடந்துபோகும் பற்களை எண்ணி வேகத்தைச் சொல்கிறது. காரின் கணினி ஒரு விநாடிக்குள் பல முறை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறது: ஓட்டுநர் கேட்டது எவ்வளவு, ஓடுவது எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் குறைவு பூஜ்யம்.

ஏற்றம் தொடங்குகிறது. வண்டியின் எடையில் ஒரு பங்கு பின்னுக்கு இழுக்கிறது. வேகம் 79. குறைவு 1. கணினிக்கு ஓர் எளிய விதி கொடுத்திருக்கிறோம்: குறைவு எவ்வளவோ அந்த அளவுக்கு என்ஜினுக்குக் கூடுதல் தீனி கொடு. 78-க்கு இறங்கினால் இரண்டு மடங்கு கொடுக்கிறது. 77-இல் மூன்று மடங்கு. அங்கே ஏற்றத்தின் இழுப்பும் என்ஜினின் தள்ளலும் சமமாகிவிட்டன. வண்டி 77-இல் நிலைத்துவிடுகிறது.

80-க்கு ஏன் ஏறவில்லை? ஏறினால் குறைவு பூஜ்யமாகிவிடும். குறைவு பூஜ்யமானால் கூடுதல் தீனியும் பூஜ்யம். உடனே ஏற்றம் மறுபடி கீழே இழுத்துவிடும். தீனி வேண்டுமென்றால் வண்டி கொஞ்சம் குறைவில்தான் இருந்தாக வேண்டும். வாட்டின் குண்டுகளுக்கும் இதே குறை உண்டு. பாரம் கூடினால் எந்திரம் சற்று மெதுவான வேகத்தில்தான் நிலைக்கும்.

இதற்கு மருந்து மளிகைக் கடையில் இருக்கிறது. அண்ணாச்சி பாக்கி நோட்டு வைத்திருப்பார். இன்றைய பாக்கி சிறியதுதான். ஆனால் நாள்தோறும் சேர்ந்தால் தொகை பெரிதாகிவிடும், அவர் குரலும் பெரிதாகிவிடும். கணினிக்கும் ஒரு பாக்கி நோட்டைக் கொடுக்கிறோம். 77-இல் போகும் ஒவ்வொரு கணத்தின் குறைவும் அதில் ஏறுகிறது. நோட்டில் தொகை ஏற ஏறத் தீனியைக் கூட்டு என்பது இரண்டாவது விதி. இப்போது வண்டியால் 77-இல் நிற்க முடியாது. பாக்கி வளர்ந்து, என்ஜின் மெல்ல மெல்ல முடுகி, 78, 79, கடைசியில் 80. இந்தக் கணத்தில் குறைவு பூஜ்யம்தான். ஆனால் நோட்டில் பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. அதன் பலத்தில் கூடுதல் தீனியும் நிற்கிறது. ஏற்றத்திலும் வண்டி 80-இல் ஓடுகிறது. 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மின்காந்தத்துக்குக் கணிதம் தந்த அதே மேக்ஸ்வெல்தான். குறைவை மட்டும் பார்க்கும் கருவியை வேகத்தை மட்டுப்படுத்துவது என்றார்; வேகத்தை உள்ளபடி நிலைநிறுத்தும் கருவிக்கே கவர்னர் என்ற பெயரைக் கொடுத்தார்.

பாலத்தின் உச்சி வந்துவிட்டது. பின்னுக்கு இழுத்த பாரம் நீங்கிவிட்டது, நோட்டிலோ பாக்கி இன்னும் தீரவில்லை. அதனால் வண்டி 81, 82 என்று ஒரு தாவு தாவும். குரூஸில் போகும்போது மேட்டின் உச்சியில் கார் கொஞ்சம் துள்ளுவதை உணர்ந்திருந்தால், காரணம் இதுதான். வரம்பை மீறிய வேகம் நோட்டில் வரவாக ஏற, பாக்கி கழிந்து, துள்ளல் அடங்கும்.

இனி இறக்கம். இப்போது புவியீர்ப்பு முன்னுக்குத் தள்ளுகிறது. கணினி தீனியை முழுவதும் நிறுத்திவிட்டது. இதற்கு மேல் நிறுத்த ஒன்றும் இல்லை. 83, 85 என்று வேகம் ஏறுகிறது. கணினியின் கையில் இருப்பது தீனியை அடைக்கும் கதவு மட்டும்தான். சாதாரண குரூஸ் பல கார்களில் பிரேக்கைத் தொடாது. வேக வரம்பியும் பெரும்பாலும் அப்படித்தான். சித்தப்பா சொன்ன கியர் இங்கே வருகிறது. கியரைக் குறைத்தால், தீனியில்லாத என்ஜினே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். சில புதிய கார்கள் தாமே பிரேக் போட்டுக்கொள்கின்றன. உங்கள் கார் எந்த வகை என்று மலைப்பாதைக்குப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கூரையும் தரையும்

மேம்பாலத்தில் பார்த்தது குரூஸின் வேலை. வேக வரம்பியிலும் அதே உணரி, அதே கணினி. ஓட்டும் உணர்வுதான் வேறு.

வேக வரம்பி தலைக்கு மேல் கூரை போடுகிறது. 80-இல் வைத்தால், அதற்குக் கீழே எந்த வேகத்திலும் நீங்கள் காலால் ஓட்டிக்கொள்ளலாம். மிதியை விட்டால் வண்டி தணியும். 80-ஐத் தொட்டதும் மேலும் மிதித்தாலும் ஏறாது. லாரியை முந்தும்போது அவசரமாக வேண்டுமென்றால், மிதியைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்தினால் பெரும்பாலான கார்களில் கூரை வழிவிடும். குரூஸ் கூரையையும் தரையையும் ஒரே மட்டத்தில் வைத்துவிடுகிறது. இறக்கத்தைத் தவிர, வண்டி 80-க்கு மேலும் போகாது, கீழும் வராது. காலுக்கு வேலை இல்லை. வேலையில்லாத அந்தக் காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சும்மா இருக்கும் கால்

குரூஸில் போகிறவரின் வலது காலைக் கவனியுங்கள். முதலில் மிதிக்குப் பக்கத்தில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் பின்னுக்கு வரும். சற்று நேரத்தில் இருக்கைக்கு அடியில் மடங்கியிருக்கும். அங்கிருந்து பிரேக்குக்கு வர அரை விநாடி கூடுதலாக ஆனாலும், 80-இல் போகும் கார் அதற்குள் 11 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம்.

காலோடு சேர்ந்து மூளையும் சும்மா இருக்கப் பழகுகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி விமானத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப் போகத் திரையில் வந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதைச் சோதித்து 1948-இல் வெளியிட்டார். ஒரு முள் சிறு சிறு தாவலாகச் சுற்றும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில், முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடியது. சும்மா பார்த்துக்கொண்டிரு, அபூர்வமாக ஒன்று நடக்கும், அப்போது உடனே செயல்படு என்ற வேலையை மனித மூளையால் நெடுநேரம் செய்ய முடியாது. குரூஸ் ஓட்டுநருக்குக் கொடுப்பது இந்த வேலையைத்தான்.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே இடைவெளி விடும் குரூஸ் வந்துவிட்டதே என்பீர்கள். 1990-களில் ஜப்பானில் லேசர் கதிரோடு தொடங்கி, 1999-இல் மெர்சிடிஸ் காரில் ராடாரோடு வந்தது. இப்போது நம் ஊர்க் கார்களிலும் இருக்கிறது. ஆனால் முன்னால் ஓடும் வண்டியைப் பின்தொடர்வதில்தான் அதன் திறமை. நின்றுகொண்டிருக்கும் பொருளைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கும் கரும்பு லாரி, மீடியன் இடைவெளியில் திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் பைக் என்று நம் நான்குவழிச் சாலையில் எத்தனையோ உண்டு. இவற்றை எதிர்பார்க்க இங்கே ஓட்டிப் பழகிய மனிதர் விழிப்போடு இருக்க வேண்டும். மழைநாளில் குரூஸைத் தொடவே கூடாது. சாலையில் தேங்கிய நீர்மேல் டயர் வழுக்கும்போது முதலில் அதை உணர வேண்டியது கால். அந்தக் கால் மிதியில் இருந்தால்தான் உணரும்.

அதனால் என் தீர்ப்பு மூத்த பிள்ளைக்குத்தான். வேகப் பழக்கம் செய்யும் தவறை வேக வரம்பி திருத்துகிறது. காலையும் வேலையில் வைத்திருக்கிறது. வண்டியின் நடுக்கமும் ஏற்ற இறக்கமும் மிதி வழியே தெரிந்துகொண்டே இருக்கும். வேக எல்லையைக் காக்கும் பொறுப்பு மட்டும் கருவியிடம் போகிறது. பார்க்கும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது.

மணி போதுமா?

இந்தியாவில் 2015 அக்டோபருக்குப் பின் தயாரான சரக்கு, பயணிகள் வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 80 கி.மீ. வேகத்தில் கட்டுப்படுத்தும் கவர்னர் கட்டாயம். பள்ளிப் பேருந்து, டேங்கர் போன்றவற்றுக்கு 60. சொந்தக் கார்களுக்கு 2019 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது மணி மட்டும்தான். 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒரு முறை, 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். அருவியின் ஓட்டத்துக்குக் கண் பழகுவதுபோல் இந்த ஒலிக்குக் காதும் பழகிவிடுகிறது. அன்று சித்தப்பா கேட்டிராவிட்டால் நான் எத்தனை மணிகளைக் கடந்து போயிருப்பேனோ தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும், அந்தந்தச் சாலையின் வேக வரம்பை அறிந்து ஓட்டுநருக்கு உணர்த்தும் கருவி கட்டாயம். எப்படி உணர்த்தலாம் என்று அனுமதித்த வழிகளில் ஒன்று, ஆக்சிலேட்டர் மிதி காலை மெல்ல மேலே தள்ளுவது. ரால்ஃப் டீட்டர் முதலில் செய்தது அதைத்தான்.

குரூஸ் இருக்கும் காரில் வேக வரம்பிக்குத் தனி எந்திரம் தேவையில்லை. உணரியும் கணினியும் ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலும் மென்பொருள் சேர்த்தாலே போதும். ஆனாலும் இங்கே சில கார்களில்தான் கொடுக்கிறார்கள், கேட்பவர்கள் குறைவு என்பதால். கார் வாங்கப் போகிறவர்கள் சன்ரூஃபைப் பற்றி விசாரிக்கும்போது, வேக வரம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், சுங்கச்சாவடியை விட்டுக் கிளம்பும்போதே 80-இல் வையுங்கள். ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் 50-க்கு இறக்குங்கள். குரூஸ்தான் இருக்கிறது என்றால், காலைப் பின்னுக்கு மடக்காமல் பிரேக் மிதிக்கு நேரே வைத்திருங்கள்.